ஓந்தி உரித்துக் கொடுத்த தோல்

"அவிச்ச நெல்லு முளைக்காது, அவிக்காத சொல்லு..." என்று எங்கள் பெரிய மாமா பஞ்சாயத்துகளில் ஆரம்பிப்பார். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. அவிக்காத சொல்லு அடங்காது என்றாரா, ஆறாது என்றாரா, கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இப்போது இல்லை. அந்தப் பழமொழி சொன்ன கையோடு அவர் சொல்லும் கதை மட்டும் மறக்கவில்லை. பச்சை என்ற சொல்லைப் பற்றிய கதை. இலைக்கும் பச்சை, அரிசிக்கும் பச்சை, பிள்ளைக்கும் பச்சை என்று இத்தனை பாரம் ஒரே சொல்லின் தலையில் எப்படி ஏறியது என்பது. இங்கிலீஷ் படித்தபோது பார்த்தேன், அங்கே கிரீன் என்ற சொல்லுக்கும் இதே பாடுதான். பழுக்காத காய்க்கும் அதுதான், வேலை பழகாத புது ஆளுக்கும் அதுதான், பொறாமைக்காரன் முகத்துக்கும் அதுதான். அந்தச் சீமையில் எந்தப் பிராணியிடம் யார் போய் இரந்தார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் மலையடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் விலங்குகளும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். சொற்களுக்கு அப்போது காவல் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு உயிரின் பொறுப்பு. கறுப்பு காகத்தின் வசம், கசப்பு வேம்பின் வசம். முள்ளம்பன்றியைக் கேட்காமல் எவனும் தன் கல்லைக் கூர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். அதனால் பேச்சு குறைவாக இருந்தது, சண்டையும் குறைவாக இருந்தது.

பச்சை என்ற சொல் ஓந்தியிடம் இருந்தது. இன்று பச்சோந்தி என்கிறோமே, அதன் மூதாதை. மலையடியில் ஓர் உசில மரத்தில் அது குடியிருந்தது. அதன் உடம்பு முழுவதும் ஒரே நிறம், மழை பெய்த மறுநாள் விரியும் கொழுந்தின் நிறம். இடத்துக்கு இடம் நிறம் மாற்ற அதற்குத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. இலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டால் வானத்தில் வட்டமிடும் வல்லூறுக்கு அது இன்னோர் இலை. ஒரு கண்ணை முன்னாலும் ஒரு கண்ணைப் பின்னாலும் உருட்டிக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைக்க இரண்டு முறை யோசித்து, ஆடி ஆடி நடக்கும்.

அதற்கு ஒரே சேக்காளி, மரத்தடிச் சருகில் இருந்த அரணை. அரணைக்கு எதுவும் மனதில் நிற்காது. "மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று வேகமாக அடிமரம் வரை ஓடிவரும். வந்து சேர்ந்ததும் முழிக்கும்.

"என்ன மச்சான்?" என்று ஓந்தி கேட்கும்.

"அதான் தெரியல. நீ ஏதாவது சொல்லேன்."

இப்படியே அவர்கள் காலம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சித்திரையில், காற்றடித்து இரண்டு மூங்கில்கள் உரசிக்கொண்டபோது தீ பிறந்தது. அதற்கு முன் அந்த மலை தீயைப் பார்த்ததில்லை. பிறந்த அன்றே அதற்குப் பசி. மூன்று நாளில் மலையின் மூன்று பக்கத்தைத் தின்று தீர்த்தது. மலையடியில் இருந்த இருபது குடிசைக்காரர்கள் முதலில் ஓடினார்கள். பிறகு கரிந்த காட்டில் வெந்து கிடந்த ஒரு கிழங்கை எடுத்துத் தின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ஊர்ப்பெரியவர் வீரணன் ஒரு கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தீயின் முன்னால் போய் நின்றார்.

"எங்களோட வந்து இருக்கியா? குளிருக்கு நீ வேணும். கிழங்கு அவிக்க நீ வேணும்."

"வருகிறேன். எனக்கு என்ன தருவீர்கள்?" என்றது தீ.

"என்ன வேணும், சொல்லு."

"எல்லாம் வேண்டும். பச்சை மட்டும் வேண்டாம். அது வாயில் புகைகிறது. பச்சை என்ற சொல் எதன்மேல் இருக்கிறதோ அதைத் தொடமாட்டேன். மற்றதெல்லாம் என்னுடையது."

வீரணன் சுற்றிலும் பார்த்தார். இலையும் தழையும் தப்பிக்கும், மற்றதெல்லாம் வெந்து ருசியாக வரும். இதில் என்ன நட்டம் என்று நினைத்தார். அந்தச் சந்தோஷத்தில் கேட்காத ஒன்றையும் தாமாகவே சேர்த்தார்: "எங்க ஊர்ல பொய்யின்னு ஒண்ணு கிடையாது. உன் முன்னால கை நீட்டி எவன் பொய் சொன்னாலும் அவனையும் நீயே எடுத்துக்க."

"அதை நான் கேட்கவில்லையே."

"நாங்களா குடுக்குறோம்."

"சரி" என்று தீ கலயத்துக்குள் இறங்கியது.

சொல்லுக்குச் சொந்தக்காரனான ஓந்தியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் முதலில் விழும் நெல்லை யாரும் தின்னமாட்டார்கள். அதை வைக்கோலில் பொதிந்து, பிரி சுற்றி உருண்டையாகக் கட்டி, மேலே சாணம் மெழுகி விட்டத்தில் தொங்கவிடுவார்கள். அதற்கு விதைக்கோட்டை என்று பெயர். ஊருக்கே பொதுவானது. அதைக் காப்பது சடையன் என்பவன் வீட்டுப் பொறுப்பு. அவன் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

தை மாதம் அறுவடை முடிந்தது. அவித்த நெல்லின் மணத்தில் மயங்கிக் கிடந்த தீ, விட்டத்தில் தொங்கிய கோட்டையையும் பார்த்துவிட்டது.

"அதையும் இறக்கு. அவிக்கவேண்டும்."

"அது விதை நெல்லு சாமி. அவிச்சா முளைக்காது" என்றான் சடையன்.

"அதன்மேல் பச்சை என்ற சொல் இருக்கிறதா?"

இல்லை. சடையன் உசில மரத்துக்கு ஓடினான்.

"ஓந்தியாரே, உங்க சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் தரணும்."

ஓந்தி ஒரு கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பியது. "நெல்லு மஞ்சள்தானே? என் சொல்லு இலையோட நிறம்."

"நான் நிறத்தைக் கேட்டு வரல. உங்க சொல்லு இருக்கிற இடத்துக்குத் தீ வரமாட்டேங்குது. அதுதான் எனக்கு வேணும். அடுத்த மழைக்கு முளைக்கணும்ல, அதுவரைக்கும் அது அப்படியே இருக்கணும்."

ஓந்தி வெகுநேரம் கிளையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. தன் சொல்லுக்குள் நிறம் தவிர வேறொன்றும் இருக்கக்கூடும் என்று அதற்கு அதுவரை தோன்றியதில்லை. பிறகு வாலைத் திருப்பி, அதிலிருந்து ஒரு கீற்றுத் தோலை வாயால் உரித்துக் கொடுத்தது. சடையன் அதைக் கோட்டையின் மேல் கட்டினான். தீ வந்து முகர்ந்து பார்த்தது, முகம் சுளித்தது, போய்விட்டது. அவிக்காத அந்த நெல்லுக்குப் பச்சை நெல் என்று பெயர் வந்தது. தோல் உரிந்த இடத்தில் ஓந்தியின் வால் கட்டை நிறமாகக் கிடந்தது.

ஒருமுறை கொடுத்தால் கதவு திறந்த மாதிரிதானே. பங்குனியில் தவளை வந்தது.

"குளத்துல பாதியைக் காய்ச்சிட்டாங்க! மிச்சத்தையும் காய்ச்சணுமாம்! என் பிள்ளைகளெல்லாம் அதுலதான் நீந்துது! நீ கொடுப்பியா மாட்டியா, இப்பவே சொல்லு, எனக்கு வெளியில ரொம்ப நேரம் நிக்க முடியாது!"

ஓந்தி பின்னங்கால் தோலை உரித்துக் கொடுத்தது, அந்தக் கத்தல் நின்றால் போதும் என்பதற்காகவும்தான். காய்ச்சாத நீர் பச்சைத் தண்ணீர் ஆனது.

அந்த வருடம் மழை சரியாக இல்லை. ஆடி மாதம், காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், சடையன் மனைவி பூவாயிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வெந்நீர் வைக்க அறை மூலையில் தீயை வைத்திருந்தார்கள். அது எட்டிப் பார்த்தது.

"அது என்ன?"

"பிள்ளை" என்றாள் பூவாயி.

"பச்சை என்ற சொல் அதன்மேல் இல்லையே. உன்மேலும் இல்லை. எழுந்து ஓடுகிறவர்கள் எனக்கு எட்டுவதில்லை, உங்கள் இருவரால் ஓட முடியாது."

தீயின் குரலில் கோபம் எதுவும் இல்லை. கொடுத்த வாக்கை நினைவூட்டும் குரல்தான். சடையன் மறுபடியும் மரத்துக்கு ஓடினான். மூச்சு வாங்க வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். ஓந்தி எதுவும் கேட்காமல் அவன் தோளில் ஏறிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பாயில் கிடந்த அந்த ஈர உடம்பைப் பார்த்தது. அதன் கையும் காலும் முளை விடும் விதைபோலச் சுருண்டு சுருண்டு விரிந்தன. ஓந்தி தன் வயிற்றுத் தோலை விலாவோடும் முன்னங்கால்களோடும் சேர்த்து உரித்து இரண்டாகக் கிழித்தது. ஒன்றைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டச் சொன்னது, இன்னொன்றைத் தாயின் இடுப்பில்.

"இப்படியே போனால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்றது தீ. "பிள்ளைக்குச் சரி, வளரும்வரை இருக்கட்டும். தாய்க்கு நாற்பது நாள் தருகிறேன். அதற்குள் அவள் உடம்பு தேறிவிடும். நாற்பதாம் நாள் உச்சிப் பொழுதில் தோல் உதிர்ந்துவிட வேண்டும்."

"ஆகட்டும்" என்றது ஓந்தி.

அதன் வயிறு சாம்பல் நிறமாகத் துடித்துக்கொண்டிருந்தது. பூவாயி படுத்தபடியே அதைப் பார்த்தாள்.

"அண்ணே, வலிச்சுதா?"

அதுவரை தோல் வாங்கிய யாரும் அதைக் கேட்டதில்லை.

"கொஞ்சம்" என்றது ஓந்தி.

அதன் பிறகு ஓந்தியின் உடம்பில் கொழுந்து நிறம் இருந்தது ஒரே இடத்தில்தான். உச்சந்தலையிலிருந்து முதுகெலும்போடு இறங்கும் ஒரு பட்டை. மேலிருந்து பார்க்கும் வல்லூறுக்கு அந்தப் பட்டை மட்டும் இன்னும் இலையாகத் தெரிந்தது.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று ஓடிவந்தது அரணை.

"சொல்லு."

"வல்லூறு ரெண்டு நாளா இந்த மரத்தையே சுத்துது."

"பரவாயில்லையே, மறக்காம சொல்லிட்டே."

"வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். வல்லூறு, வல்லூறுன்னு. முதுகுத் தோலை மட்டும் யாரு கேட்டாலும் குடுத்துடாதே மச்சான்."

ஆவணியிலும் மழை இல்லை. ஊரில் கிழங்கும் தீர்ந்தது. சடையன் விடியும்போது கீரை தேடிப் போனால் பொழுது சாயத்தான் வருவான், சில நாள் வெறுங்கையோடு. பூவாயிக்குப் பால் வற்றியது. பிள்ளை முதலில் அழுதது. பிறகு அழுவதையும் குறைத்துக்கொண்டது. அழுகை குறைந்த அன்றுதான் பூவாயிக்குப் பயம் வந்தது. அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தாள்.

அடுப்பில் வைத்தால் தீக்குத் தெரிந்துபோகும். அதனால் கோட்டையின் அடியில் பிரியை விலக்கி, ஒரு கை நெல்லை எடுத்து உரலில் குத்தி, தண்ணீரில் ஊறவைத்து, வேகாமல் அப்படியே தின்றாள். எடுத்த இடத்தில் உமியைத் திணித்து மெழுகிவிட்டாள். மறுநாளும் ஒரு கை. அதற்கு மறுநாளும். பால் சுரந்தது. பிள்ளை மறுபடியும் வீடே அதிரும்படி அழ ஆரம்பித்தது.

ஆவணி கடைசியில் தென்மேற்கே மேகம் கூடியது. விதைப்புக்கு நாள் பார்க்க வீரணனும் ஊராரும் சடையன் வீட்டுக்கு வந்து கோட்டையை இறக்கினார்கள். தூக்கிய கைக்குக் கனம் போதவில்லை. அறுத்துக் கொட்டினால் அடிப்பாகமெல்லாம் உமி.

வீரணன் முற்றத்தில் தீயைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டுக்காரர்கள் கை நீட்டிச் சொல்லவேண்டும் என்றார். சடையன் கையை நீட்டி, "எனக்குத் தெரியாது" என்றான். தீ அசையவில்லை. உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது.

அடுத்து பூவாயி. இடுப்பில் பிள்ளை. அவள் கையை நீட்டினாள்.

"நான் தொடலை. எலி தின்னுருக்கும்."

அவள் உதட்டோரத்தில் மாவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெழுகிய கோட்டையில் எலி நுழைந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. சடையன் தலையைக் குனிந்துகொண்டான். தீ ஓர் ஆள் உயரம் எழுந்தது. எழுந்து, அவள் இடுப்பில் கட்டியிருந்த தோலைப் பார்த்ததும் தணிந்தது.

"இன்று முப்பத்தொன்பதாம் நாள். நாளை உச்சிக்கு அந்தத் தோல் உதிரும். வருகிறேன்."

மறுநாள் காலை பூவாயி உசில மரத்தடிக்கு வந்தாள். பிள்ளையைச் சருகின்மேல் கிடத்திவிட்டு நின்றாள்.

"அண்ணே, இன்னொரு தோலு வேணும்."

"உனக்கா?" என்றது ஓந்தி.

"என் உடம்புக்குக் கேக்கல. தீ ஒத்துக்காது, கெடு முடிஞ்சுது. நான் சொன்ன பொய்யிக்கு."

ஓந்தியின் இரண்டு கண்களும் ஒரே நேரத்தில் அவளிடம் திரும்பின. அது எப்போதாவதுதான் அப்படிப் பார்க்கும்.

"நெல்லுக்கு வஞ்சகம் தெரியாது. தண்ணிக்கும் தெரியாது. அதெல்லாம் யாருக்கும் ஒண்ணும் பண்ணல. அதுங்களுக்குக் குடுத்தேன். பொய் அப்படியா?"

"இல்லை."

"உண்மையைச் சொல்லிடேன்மா."

"சொன்னா விட்டுடுவாங்களா? விதை தின்னவளுக்கு ஊர் கிடையாதுண்ணே. பிள்ளையோட மேக்கு மலைக்கு அனுப்பிடுவாங்க. தீ தின்னுட்டுப்போன அந்தப் பக்கத்துல தண்ணி ஏது, நிழல் ஏது? நான் ரெண்டு நாள் இருப்பேன். இவ ஒரு நாள்."

"பொய்யாவது கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லக் கூடாதா?" என்று சருகுக்குள்ளிருந்து அரணை கேட்டது. "எலியாம் எலி. வாயைக்கூடத் துடைக்கல."

"ஜோடிச்சுச் சொல்ல எனக்கு யாரு கத்துக்குடுத்தா? அதுதான் இந்த ஊர்ல முதல் பொய்யி" என்றாள் பூவாயி. அவள் அழவில்லை. "அதுவும் நேத்துத்தான் பொறந்ததுண்ணே. அது மேல ஒரு துணிகூட இல்ல."

அரணை அடிமரத்தில் பாதி ஏறி வந்தது. அன்றைக்கு மட்டும் அது எதையும் மறக்கவில்லை.

"மச்சான், குடுக்காதே. அது ஒண்ணுதான் உன்னை மறைக்குது. அது போனா நாளைக்கு நீ இல்ல. அதைக்கூட விடு. நெல்லும் பிள்ளையும் இருக்கிற சொல்லுல இதைக் கொண்டுபோய்க் கலக்கப்போறியா? இனிமே எவன் பொய் சொன்னாலும் உன் சொல்ல முன்னால வச்சுத்தான் ஊரு காறித் துப்பும்."

அரணை சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று பூவாயிக்கே தெரிந்தது.

ஓந்தி ஒரு கண்ணை மேலே உருட்டியது. வல்லூறு இருந்தது. இன்னொரு கண் சருகில் கிடந்த பிள்ளையிடம் போனது. அது கட்டை விரலைச் சப்பிக்கொண்டு, மணிக்கட்டுத் தோலை மற்றக் கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் மரத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து நடுவுக்கு வரும்வரை ஓந்தி ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு தலையைக் கிளையின் ஒரு முண்டில் தேய்த்து, உச்சியில் தோலைக் கிளப்பி, முதுகு நெடுக உரித்தது. மற்ற இடங்களைப்போல இது சுலபமாக வரவில்லை. முடிந்ததும் பூவாயியின் கையில் போட்டது.

உச்சிப் பொழுதில் ஊர் கூடியிருந்தது. பூவாயியின் இடுப்புத் தோல் உலர்ந்து கீழே விழுந்தது. தீ எழுந்தது. பொய்க்கு உடம்பில்லை, எங்கே கட்டுவது? அவள் அந்தத் தோலை நாக்கின்மேல் வைத்துக்கொண்டு, நேற்றுச் சொன்னதையே மறுபடியும் சொன்னாள்.

"நான் தொடலை. எலி தின்னுருக்கும்."

தீ அவள் முகத்தருகே குனிந்து முகர்ந்தது. புகைந்தது. விலகியது.

"நெல்லுக்குக் கொடுத்தது எனக்குப் புரிந்தது" என்றது, பக்கத்து வேலிக்கட்டையில் வந்து உட்கார்ந்திருந்த ஓந்தியைப் பார்த்து. "இது புரியவில்லை. ஆனால் சொல் சொல்தான். அந்தத் தோல் அவளிடம் இருக்கும்வரை தொடமாட்டேன். அவள் அதை உன்னிடம் திருப்பிக் கொடுத்தால், பொய்யும் அவளும் என்னுடையவர்கள்."

வீரணன் எழுந்தார். "பச்சைப் பொய்!" என்றார். அந்த இரண்டு சொற்களும் உலகத்தில் முதன்முதலாக அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. ஊரார் தரையில் காறித் துப்பினார்கள். "ஆனா தீ விட்டதை நாம எடுக்கக் கூடாது. இருந்துட்டுப் போகட்டும்" என்று வீரணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கூட்டம் கலைவதற்குள் வல்லூறு இறங்கியது. வேலிக்கட்டையின்மேல் ஓந்தி இலையும் இல்லாமல், சொல்லும் இல்லாமல், உரித்த உடம்போடு இருந்தது. ஓட அதற்குத் தெரியாது. கட்டையோடு கட்டையாக ஒட்டி, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. அப்போது அதன் புதுத்தோல் மெல்லக் கருத்து, வெடித்து, வரிவரியாகி, அந்தக் கட்டையின் நிறத்துக்கே வந்துவிட்டது. தன் நிறம் என்று ஒன்று இல்லாத தோல், தொட்டதன் நிறத்தை எடுத்துக்கொண்டது. வல்லூறின் நகம் ஓந்தியைத் தேடி, வெறும் மரப்பட்டையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

"பாத்தியா? பொய்யிக்குத் துணை போச்சு, நிறம் மாறிடுச்சு."

"நேத்து வரைக்கும் பச்சை, இன்னைக்குக் கட்டை. நாளைக்கு என்னவோ."

"பச்சோந்தி" என்று ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளையின் மணிக்கட்டில் தோல் இருப்பதோ, விட்டத்தில் இருந்த கோட்டைமேல் தோல் இருந்ததோ அப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. அரணையை மறதிக்காரன் என்று சொல்லும் ஊர் அது.

மழை பெய்தது. மிஞ்சிய விதையை விதைத்தார்கள். விதை போதாமல் மேற்கு வயல் தரிசாகக் கிடந்தது. சுற்றிலும் பயிர் எழுந்து நிற்க, நடுவில் அந்த வெறும் மண். பூவாயி தண்ணீருக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அந்தத் தையில் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் குறைந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவள் வந்தால் பேச்சு மட்டும் நிற்கும். தோலை அவள் முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். அது வாடவே இல்லை.

மறு வருடம் ஐப்பசி. அடைமழை விட்டு வெயில் அடித்த ஒரு பகலில் பூவாயி உசில மரத்தடிக்கு வந்தாள். ஒரு கையில் கலயம், அதற்குள் தீ. மறு கையில் முந்தானை முடிச்சு. ஓந்தி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிளை கிளையாகத் தேடினாள்.

"இங்கதாம்மா" என்றது ஒரு கிளை. பிறகு அது ஓந்தியாயிற்று.

பூவாயி உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்துத் தோலை எடுத்தாள். அவள் உள்ளங்கையில் அது கொழுந்தாக மின்னியது.

"வாங்கிக்கங்கண்ணே. முதுகுல போட்டா ஒட்டிக்கும். தீயக் கேட்டுட்டேன். உங்க நிறம் திரும்ப வந்துடும். உங்க சொல்லுலேருந்து அந்த அழுக்கும் போயிடும். ஊர்ல உங்களைச் சொல்ற பேச்சை என்னால கேக்க முடியல."

"இதை நான் வாங்கினா உனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதானே கலயத்தையும் கொண்டாந்தேன்."

"பிள்ளை?"

"நடக்கிறா. சோறு திங்கிறா. பால் மறந்துட்டா." அவள் கலயத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இனிமே நான் இல்லாட்டியும் வளந்துடுவா. அவங்கப்பா பாத்துக்குவாரு."

கலயத்தில் தீ விளிம்புவரை எழுந்து காத்திருந்தது. அரணை சருகிலிருந்து தலையை நீட்டி, எதையோ சொல்ல வந்து, முழித்தது. ஓந்தி ஒரு கண்ணால் தோலைப் பார்த்தது, ஒரு கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு ஆடி ஆடிக் கிளையை விட்டு இறங்கத் தொடங்கியது. அது வந்து சேர வெகுநேரம் ஆனது.

அந்த ஐப்பசிப் பகலிலிருந்துதான், அடுப்பேறாத அரிசியும் காய்ச்சாத நீரும், பிறந்த பிள்ளையும் பெற்றவள் உடம்பும் இருக்கும் அதே சொல்லுக்குள், வாய் துடைக்காமல் சொன்ன பொய்யும் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஓந்தியும் உட்கார்ந்த இடத்தின் நிறத்திலேயே இருக்கிறது. பேச்சு மாறுகிறவனை நாம் அதன் பெயரைச் சொல்லித்தான் ஏசுகிறோம்.

ஓந்தி அந்தத் தோலை வாயால் கவ்வி எடுத்து, பூவாயியின் மடியிலேயே திரும்பப் போட்டது.